ஓரடி நகர்ந்தால்

மாசிப் பௌர்ணமி. டெல்டாவில் அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிற வயல். வரப்பில் டிரைபாட் ஊன்றி ஆறு பேர் நின்றிருந்தோம். கிழக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி ஊர்க் கோயிலின் கோபுரம். நிலா எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் எழும் என்பதைப் போனில் இருக்கும் செயலி முதல் நாளே சொல்லிவிட்டது. எந்த வரப்பில் நின்றால் கலசத்துக்குப் பின்னால் நிலா வரும் என்பதையும் அதுவே காட்டியிருந்தது. செம்மண் நிறத்தில் நிலா கோபுரத்தின் தோளை ஒட்டி மேலேறியது. "இன்னும் ரெண்டடி இடது" என்றார் ஒருவர். எல்லோரும் டிரைபாட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தோம். ஐந்து கலசமும் நிலா வட்டத்துக்குள் வந்து நின்றன. யாரும் பேசவில்லை. ஷட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

முப்பது, நாற்பது அடி தள்ளி, வரப்பின் கோடியில் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "அப்படி என்னதான் தம்பி தெரியுது?"

"கலசத்துக்குப் பின்னால நிலா நிக்குது பாருங்கய்யா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நிலா கோபுரத்தை விட்டுத் தள்ளியில்ல நிக்குது?"

அவர் நின்ற இடத்தில் அதுதான் உண்மை. நாங்கள் நின்ற இடத்தில் எங்கள் படம் உண்மை. அந்தப் படம் இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவரின் கேள்வியும் கூடவே வருகிறது. இயற்கையிலும் கலையிலும் தெருவிலும் ஒத்திசைவைத் தேடித் தேடிப் படமெடுக்கும் இந்தப் பழக்கம் நமக்கு என்ன தருகிறது, எந்த இடத்தில் நம்மை ஏமாற்றுகிறது என்பதை நேர்மையாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது.

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். வானத்தில் நிலாவின் அகலம் சுமார் அரை டிகிரி. எவ்வளவு தொலைவில் நிற்கிறோமோ அதில் ஏறக்குறைய 110-இல் ஒரு பங்கு அகலமுள்ள பொருள் அதை மறைக்கும். கோபுரத்திலிருந்து 110 மீட்டரில் நின்றால் நிலா ஒரு மீட்டர் தட்டு. ஒரு கிலோமீட்டரில் நின்றால் ஒன்பது மீட்டர் வட்டம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் சுமார் 66 மீட்டர். அதன் முழு உயரத்துக்கும் நிலா தெரிய வேண்டுமானால் ஏழு கிலோமீட்டர் பின்னால் போக வேண்டும். அத்துடன் நிலா தன் அகலத்தைத் தானே கடக்க இரண்டு நிமிடம் போதும். அதற்குள் எடுத்தால் எடுத்ததுதான். நிலா பெரிதாகவில்லை, கோபுரமும் சிறிதாகவில்லை. நாம் பின்னால் போனோம், டெலி லென்ஸால் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தோம். பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் 'இடமாறு தோற்றப் பிழை' என்று படித்தது இங்கே பிழையாக இல்லாமல் கருவியாகிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படத்தைப் பார்க்கிறவருக்கு இந்த நடை தெரியாது. கோயிலுக்குப் பின்னால் ராட்சத நிலா எழுந்ததாகவே அவர் நினைத்துக்கொள்கிறார்.

சீரைக் குறிக்க நம் பேச்சில் ஒரு நல்ல தொடர் உண்டு: நூல் பிடித்தாற்போல. நூல் பிடிப்பவர் கொத்தனார். வீட்டுக்கு மாடி எடுத்தபோது எங்கள் மேஸ்திரி இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டினார், மூலையில் தூக்குக்குண்டு விட்டார், டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தார், பிறகுதான் முதல் செங்கல் வைத்தார். நான் கீழே நின்று போனில் படமெடுத்துவிட்டு, "சுவர் உள்பக்கம் சாயுதே மேஸ்திரி" என்று காட்டினேன். படத்தில் சாய்ந்துதான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ரசமட்டத்தை எடுத்துச் சுவரில் நிறுத்தி வைத்தார். குமிழி நடுவில் நின்றது. "போனை அண்ணாந்து பிடிச்சீங்கன்னா எல்லாம் சாயத்தான் சார் செய்யும். நேராப் பிடிங்க."

பொருளில் இருக்கிற நேர் ஒன்று, பார்க்கிற இடத்திலிருந்து உண்டாகிற நேர் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு என்பதை எந்தப் புகைப்படப் புத்தகத்தையும் விட அந்த ரசமட்டம் எனக்குத் தெளிவாகக் காட்டியது. இந்தக் கட்டுரை முழுக்க நான் பிடித்துக்கொண்டு போகிற நூல் அதுதான். ஒரு படத்தில் ஒத்திசைவு தெரிந்தால், எடுத்தவர் ஓரடி நகர்ந்திருந்தால் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கேட்கலாம். எதுவும் மிஞ்சாத படம் தவறான படம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் நிலாப் படமே அப்படித்தான். ஆனால் அது எதைப் பற்றிய படம் என்பது அந்தக் கேள்வியில் தெரிந்துவிடும்.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சிறியதல்ல. போன் கேமராவில் 'கிரிட்' என்று ஒரு வசதி இருக்கிறது. குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு. சட்டத்தை மூன்றாகப் பிரித்து முக்கியமானதைக் கோட்டின் மேல் வை என்கிற விதி புகைப்படம் பிறப்பதற்கு முன்பே வந்தது. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் செதுக்கோவியர் 1797-இல் நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றி எழுதும்போது அதற்குப் பெயர் வைத்தார். விதியாக இதில் பெரிய அறிவு எதுவும் இல்லை. பயிற்சியாக நிறைய இருக்கிறது. கோடு போட்டுப் பார்க்கத் தொடங்கியவர் முதன்முறையாகச் சட்டத்தின் ஓரங்களைப் பார்க்கிறார். தலைக்குப் பின்னால் முளைக்கும் மின்கம்பம் தெரிகிறது. கடலின் கோடு சரிந்திருப்பது தெரிகிறது. ஆறு மாதத்தில், கேமரா கையில் இல்லாதபோதும் கண் கோடுகளைப் பிடிக்கப் பழகிவிடுகிறது.

அப்படிப் பழகிய கண்ணுக்கு ஒரு தண்ணீர்க் குழாயடி என்னவாகிறது என்று பாருங்கள். தண்ணீர் வருவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கின்றன. பச்சை, நீலம், சிவப்பு, வாய் உடைந்த ஆரஞ்சு. சுவரோரமாக, வளைவில் வளைந்து, அடுத்த வீட்டு வாசல் வரை. ஆட்கள் ஒருவரும் இல்லை. வீட்டுக்குள் சமையல் நடக்கிறது. யாரும் அந்தக் குடங்களைத் தாண்டித் தன் குடத்தை முன்னால் வைப்பதில்லை. வைத்தால் சண்டை. நான் முதலில் நிறத்துக்காகவும் வளைவுக்காகவும்தான் அதை எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் பெயின்டில் போட்ட அடையாளம் தெரிந்தது: ஒரு புள்ளி, ஒரு பெருக்கல் குறி, ஓர் எழுத்து. அது ஒரு தெருவின் உரிமைப் பட்டியல். எங்கே நின்று எடுத்தாலும் அந்த வரிசை கலையாது, ஏனென்றால் அதைக் கட்டியவன் நான் இல்லை, அந்தத் தெரு. அழகைத் தேடிப் போன கண்ணுக்கு ஒரு தெருவின் நியாயம் கிடைத்தது. இந்தப் பழக்கத்தின் சார்பில் நான் எடுத்து வைக்கக்கூடிய மிக வலுவான சாட்சி இதுதான்.

இயற்கையின் பக்கம் போனால் ஆன்சல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' படத்தைத் தவிர்க்க முடியாது. நியூ மெக்சிகோவில் சாலையோரம் ஒரு சிற்றூர்; கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கடைசி வெயில்; பின்னால் பனிமலை, மேகப் பட்டை; அதற்கு மேல் கறுத்த வானத்தில் சிறு நிலா. ஆடம்ஸ் வண்டியை நிறுத்தி எட்டுக்குப் பத்து அங்குலக் கேமராவை அவசரமாக ஏற்றினார். ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் ஒளி அளவு மனப்பாடமாகத் தெரிந்ததால் அதை வைத்துக் கணக்குப் போட்டார். ஒரு படம் எடுத்தார். இரண்டாவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது.

இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது பின்னால் நடந்தது. ஆடம்ஸ் தேதியைக் குறித்து வைக்கவில்லை. பின்னாளில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொன்னார். படத்தில் நிலாவுக்கும் மலைக்கும் உள்ள உறவை வைத்து வானியலாளர்கள் தேதியைத் தேடினார்கள். 1980-இல் டேவிட் எல்மோர் ஒரு விடை சொன்னார். அது பொருந்தவில்லை என்று கண்ட டென்னிஸ் டி சிக்கோ ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று நிறுவினார். எல்மோரும் அதை ஏற்றுக்கொண்டார்.

இருட்டறையில் ஆடம்ஸ் அந்த வானத்தை வருஷம் ஏற ஏறக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். நெகடிவில் அவ்வளவு கறுப்பு இல்லை. அது அவர் படித்த முறை, அவருடைய உரிமை. நிலாவை மட்டும் அவர் ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. அதனால்தான் நாற்பது, ஐம்பது வருஷம் கழித்தும் அந்தப் படத்தால் சாட்சி சொல்ல முடிந்தது. நிறத்தையும் இருளையும் மாற்றுவதும், பொருள்களின் இடத்தை மாற்றுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஒத்திசைவைத் தேடுகிறவர்கள் கையாளக்கூடாத இடம் அதுதான்: யார் எங்கே நின்றது என்பது.

இப்போது அந்த இடத்தைத்தான் சுலபமாகத் தொடுகிறார்கள். கோபுரத்தை ஒரு நாள், நிலாவை இன்னொரு நாள் எடுத்து ஒட்டிய படங்கள் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. கோபுரத்துக்கு மேலே மேகம் நிலாவுக்குப் பின்னால் போகிற படத்தைக்கூட நான் பார்த்திருக்கிறேன். போன்களும் தம் பங்கைச் செய்கின்றன. 2023 மார்ச்சில் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, இருட்டறையில் தள்ளி நின்று, சாம்சங் போனால் எடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத பள்ளங்களும் வரிகளும் போன் தந்த படத்தில் இருந்தன. காட்சியை அடையாளம் கண்டு விவரத்தைக் கூட்டும் மென்பொருள் என்று நிறுவனம் விளக்கியது. விளக்கம் சரியாக இருக்கலாம். ஆனால் வரப்பில் இரண்டு மணி நேரம் காத்திருந்தவருக்கும் வானத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் திருத்துவது எப்போதும் உள்ள பழக்கம்தான் என்று சொல்பவர்கள் பழைய உதாரணம் காட்டலாம்; அதுவும் நம் ஊரிலேயே இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1850-களில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். மதுரையையும் தஞ்சையையும் காகித நெகடிவில் எடுத்தார். அன்றைய நெகடிவில் வானம் வெறுமையாக விழும், மேகம் பதியாது. முன்னதாக பர்மாவில் எடுத்த நெகடிவுகளில் அவர் கையாலேயே மேகம் தீட்டியிருக்கிறார். அதே டிரைப்தான் 1858-இல் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு முழுவதையும் எடுத்தார். 21 அச்சுகள், ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டினால் ஏறக்குறைய 19 அடி நீளச் சுருள். ஒவ்வொரு முறையும் கேமராவைச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் வைக்காவிட்டால் வரிகள் கோணும், எழுத்துச் சிதையும். வெயிலில், பெரிய மரக் கேமராவை வைத்துக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி அந்த வேலையை அவர் செய்து முடித்தார். அவர் தீட்டிய மேகங்களைப் பார்த்தால் அந்தக் காலத்து ரசனை தெரிகிறது. அந்தக் கல்வெட்டுச் சுருளில் ராஜராஜனின் சிற்பி வெட்டிய வரிசைக்குத் தன் கேமராவை அடங்க வைத்த ஒருவர் தெரிகிறார். கலையை எடுக்கும் படத்தில் ஒத்திசைவு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த 21 அச்சுகளைத்தான் காட்டுவேன். அதில் புகைப்படக்காரரின் சாமர்த்தியம் கண்ணுக்கே தெரியாது.

கோயில்களில் இந்த அடங்குதலைக் கட்டடமே நம்மிடம் கேட்கிறது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தில், இரவும் பகலும் சமமாக வரும் மார்ச், செப்டம்பர் நாள்களில், மறையும் சூரியன் நடுவாசல்கள் வழியே ஒவ்வொன்றாக இறங்கித் தெரிகிறது. கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 அன்று நண்பகல் வெயில், அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் விழுகிறது. இவற்றை எடுக்கப் போகிறவர் எதையும் கண்டுபிடிப்பதில்லை. கட்டியவர்கள் சூரியனோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்துக்கு அவர் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார். நீங்கள் ஓரடி என்ன, ஊரை விட்டே போனாலும் அந்த நாளில் அந்த வெயில் அங்கே விழும்.

கோலத்துக்கு வரும்போது கதை சிக்கலாகிறது. எங்கள் எதிர்வீட்டு அக்கா மார்கழியில் நாலரை மணிக்கு வாசல் தெளித்துவிடுவார். ஒரு விடியலில் அவர் போட்டது 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி, சிக்குக் கோலம். நான் மொட்டை மாடியிலிருந்து நேர் கீழே எடுத்தேன். ஆறு பக்கமும் ஒன்றுபோல, அச்சடித்த மாதிரி விழுந்தது. இன்ஸ்டாகிராமில் நல்ல வரவேற்பு. அக்காவிடம் காட்டினேன். மகிழ்ச்சியோடு பார்த்தார், பிறகு சொன்னார்: "மேல இருந்து இப்படித் தெரியுமா? நான் இதைப் பாத்ததே இல்லையே."

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் நான் கீழே இறங்கிப் போய் அவர் போடுவதைப் பார்த்தேன். அவர் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. குனிந்தபடி பின்னால் நகர்கிறார். கோலத்தைச் சுற்றி உடம்பு வருகிறது. விரல் இடுக்கில் மாவு ஒரே அளவில் இறங்குகிறது. வளைவு புள்ளியைச் சுற்றித் திரும்பும் இடத்தில் கோடு கொஞ்சம் தடிக்கிறது, ஏனென்றால் அங்கே கை ஒரு கணம் தயங்குகிறது. கிழக்கு மூலையில் தெரு சரிவாக இருப்பதால் அந்தப் பக்கப் புள்ளிகளை அரை விரல் தள்ளி வைக்கிறார். வாசற்படியில் நின்று பார்க்கிறவருக்கு அப்போதுதான் சீராகத் தெரியும். என் படம் இதையெல்லாம் தட்டையாக்கிவிட்டிருந்தது. போதாதற்கு, சாய்வை மென்பொருளில் வேறு திருத்தியிருந்தேன். அவர் கைக்கணக்காகச் சேர்த்த அரை விரலைப் பிழை என்று நினைத்து நீக்கிவிட்டேன். போட்டவர் ஒருநாளும் பார்க்காத கோணத்திலிருந்து, அவர் செய்யாத ஒரு சீரை நான் அவருடையதாகக் காட்டியிருக்கிறேன். மாடிப் படத்தை நான் அழிக்கவில்லை. வடிவத்தைப் படிக்க அது உதவும். ஆனால் கோலத்தின் படம் என்று இப்போது யாராவது கேட்டால், குனிந்த முதுகும் மாவுக் கிண்ணமும் பாதி முடிந்த வரிசையும் தெரிகிற, கொஞ்சம் கோணலான இன்னொன்றைத்தான் கொடுக்கிறேன்.

மூன்றாவதாகத் தெரு; அங்கே தேடுவது காலத்தின் ஒத்திசைவு. இதற்கு ஹென்றி கார்த்தியே பிரெஸோனைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாரிஸில் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், 1932-இல் அவர் எடுத்த படம்: தேங்கிய தண்ணீரைத் தாண்டும் ஒருவரின் குதிகால் நீரைத் தொடப்போகும் கணம். பின்சுவரில் ஒட்டிய சுவரொட்டியில் ஒரு நடனக்காரியும் அதே போலத் தாவுகிறாள். கீழே நீரில் நிழல் தலைகீழாகத் தாவுகிறது. ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் வடிவியலைப் பாடமாகப் படித்தவர் என்பதால் இதை அவரது கணக்கின் வெற்றி என்று எழுதுவார்கள். நடந்தது அவ்வளவு சுத்தமானதல்ல. வேலிப் பலகைகளின் இடுக்கில் லென்ஸை நுழைத்து எடுத்தார். முழுக் காட்சி அவருக்கே தெரியவில்லை. ஓரத்தில் பலகை விழுந்ததால் பின்னால் வெட்ட வேண்டியிருந்தது. படத்தை வெட்டக் கூடாது என்று கொள்கை வைத்திருந்தவர் செய்த மிகச் சில விலக்குகளில் அது ஒன்று. 1952-இல் வெளிவந்த அவருடைய நூலின் பிரெஞ்சுத் தலைப்புக்கு, அவசரத்தில் நைசாக எடுத்த படங்கள் என்பது போன்ற பொருள். ஆங்கிலப் பதிப்புதான் 'தீர்மான கணம்' என்ற கனமான தலைப்பைச் சூட்டியது. உலகம் அந்த இரண்டாவது பெயரைப் பிடித்துக்கொண்டது. கணம் தானாகப் பழுத்து வந்து காத்திருக்கும் என்றும், கெட்டிக்காரர் அதைப் பறிப்பார் என்றும் ஒரு தலைமுறை நம்பியது. எடுத்துத் தள்ளிய நூற்றுக்கணக்கான படங்களையும், கேமராவின் அதிர்ஷ்டத்தையும், வெட்டுக் கத்தியையும் அந்த நம்பிக்கை மறைத்தது.

அவருக்குத் திருவண்ணாமலையோடு ஓர் உறவு உண்டு. 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாள்களில் அவர் அங்கே இருந்து படமெடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ஒரு வால் வெளிச்சம் வானத்தில் மெதுவாக நகர்ந்து அருணாசலத்தின் உச்சிக்குப் பின்னால் மறைந்ததைப் பார்த்ததாகவும், ஆசிரமத்துக்கு ஓடிப் போனபோது அதே நிமிடத்தில் ரமணர் உயிர் நீத்திருந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவரவர் நம்பிக்கை. எனக்கு இதில் உள்ள செய்தி வேறு. தன் வாழ்நாளின் மிகப் பெரிய ஒத்திசைவை அவர் நமக்குப் படமாகத் தரவில்லை, கடிகாரம் பார்த்த நேரமாகத்தான் தந்தார். அதைப் பற்றி நம்மால் இன்றும் பேச முடிகிறது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். மிகக் கடுமையானது, இந்தப் பழக்கம் மனிதர்களை வடிவங்களாக்குவது.

தூத்துக்குடி பக்கம் ஓர் உப்பளத்தில் ஒரு படம் எடுத்தேன். விடியல், கண்ணாடி மாதிரி பாத்தி நீர், தலையில் சுமையோடு வரப்பில் ஒரே இடைவெளியில் போகிற ஐந்து பெண்கள், கீழே ஐந்து நிழல்கள். பின்வெளிச்சத்தில் எல்லோரும் கறுப்பு உருவங்கள். நூல் பிடித்தாற்போல இருந்தது. இரண்டு நாள் கழித்துப் போய், அவர்களில் ஓர் அம்மாவிடம் அச்சைக் கொடுத்தேன். கையில் வாங்கி வெயிலுக்கு மறைத்துக்கொண்டு பார்த்தார். "இதுல நான் யாரு தம்பி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவரே விரலால் தேடினார். நாலாவது உருவத்தில் நின்றது விரல். "இந்தச் சும்மாடு என்னோடது. பழைய சேலை, முடிச்சு இந்தப் பக்கம் தொங்கும்." முகத்தாலோ நடையாலோ இல்லை, தலைச் சும்மாட்டின் முடிச்சை வைத்துத் தன்னைக் கண்டுபிடிக்க வேண்டிய நிலைக்கு அவரை என் படம் கொண்டுவந்துவிட்டது. வெள்ளை உப்பில் தெறிக்கும் வெயிலில் அவர் கண் இடுங்கியிருப்பதும், உப்பு நீரில் பாதம் வெடித்திருப்பதும் அந்தப் படத்தில் இல்லை. அந்தப் படத்தை நான் எங்கும் காட்சிக்கு வைப்பதில்லை.

இதே குற்றச்சாட்டைப் பெரிய அளவில் செபாஸ்தியாவ் சல்காடோ சந்தித்தார். பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் 1986-இல் அவர் எடுத்த படங்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டையோடு ஏணிகளில் ஏறுகிறார்கள்; மலையே மனிதர்களால் நெய்த மாதிரி இருக்கும். அவருடைய இடம்பெயர்ந்தோர் படங்களைப் பற்றி எழுத்தாளர் சூசன் சொன்டாக் 2003-இல் வந்த நூலில் எழுதும்போது, அந்த மனிதர்களுக்குப் படக்குறிப்பில் பெயர் இல்லாததைச் சுட்டிக்காட்டினார். சல்காடோவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த உழைப்பின் அளவு உலகத்துக்குத் தெரிந்தது அவருடைய வரிசைகளால்தான். ஒரே ஒரு முகத்தைக் காட்டியிருந்தால் அது தெரிந்திருக்காது. ஆனாலும் சொன்டாக்கின் கேள்வி சரியானது. உப்பளத்து அம்மா கேட்டதும் அதையேதான்.

இன்னொரு குறை, சீருக்கு இடைஞ்சலாக இருப்பதை அழித்துவிடும் ஆசை. ஸ்டீவ் மெக்கரி இந்தியாவை வண்ணத்தில் உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர். ஆக்ராவில் தாஜ்மகாலும் நீராவி ரயிலும் ஒரே சட்டத்தில் வரும் அவருடைய 1983 படம் பலருக்குத் தெரிந்திருக்கும். 2016-இல் இத்தாலியில் நடந்த ஒரு கண்காட்சியில், கியூபாவில் எடுத்த அவருடைய படமொன்றில் கம்பத்தின் அடிப்பகுதி இடம் மாறி நிற்பதைப் பார்வையாளர் ஒருவர் கண்டார். பிறகு வேறு சில படங்களின் இரண்டு வடிவங்கள் ஒப்பிடப்பட்டன. ஒன்றில் இருந்த ஆட்களும் பொருள்களும் மற்றதில் இல்லை. தன்னைச் செய்திப் படக்காரர் என்று அழைக்க வேண்டாம், காட்சியால் கதை சொல்பவர் என்று கொள்ளுங்கள் என்றார் மெக்கரி. அதற்குச் சில வாரம் முன்புதான் எழுத்தாளர் தேஜு கோல், மெக்கரியின் இந்தியா மிகவும் கச்சிதமாக இருப்பதையே குறையாக எழுதி, அதற்கு எதிரில் இந்தியப் புகைப்படக்காரர் ரகுபீர் சிங்கின் படங்களை வைத்திருந்தார். இப்போது அந்த அழிப்பான் எல்லோர் போனிலும் இருக்கிறது. விரலால் வட்டம் போட்டால் பின்னால் நிற்கிற பூக்காரி காணாமல் போகிறார். இருந்தவரை இல்லாமலாக்கிக் கிடைக்கிற ஒத்திசைவு ஒத்திசைவே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. பின்னால் நிற்பவர் இடைஞ்சல் என்றால் வேறு கோணம் பாருங்கள். அல்லது பூக்காரியோடு சேர்த்து எடுங்கள்.

ரகுபீர் சிங்கை நான் இங்கே ஆசானாகவே சொல்கிறேன். ஹவுராவில் நடைபாதைக் கண்ணாடிக் கடையை 1991-இல் எடுத்தார். சாய்த்து வைத்த கண்ணாடிகளில் தெரு துண்டு துண்டாகத் தெரிகிறது: ஒன்றில் முகம், ஒன்றில் வண்டி, ஒன்றில் வானம். அம்பாசிடர் காரின் கதவையும் ஜன்னலையும் சட்டமாக்கி இந்தியா முழுக்க எடுத்த தொடரிலும் இதே முறைதான். ஒரே கோட்டில் எல்லாவற்றையும் நிறுத்த அவர் முயல்வதில்லை. ஒரு படத்துக்குள் நாலைந்து வரிசைகள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் மனிதர்களோடு. குழாயடிக் குடங்களைப் போல. அவருடைய படத்தில் ஓரடி நகர்ந்தால் ஓர் உறவு கலையும், இன்னொன்று கூடும். கூட்டமும் நெரிசலும் நிறமும் கொண்ட நம் தெருக்களுக்கு இந்த முறை ஏற்றது என்று நான் நம்புகிறேன். வெறும் சுவர், தனி மனிதன், நடுவில் நிற்கும் கதவு என்று வெளிநாட்டுப் பக்கங்களைப் பார்த்து நம் ஊரைச் சுத்தமாக்கிக் காட்டுகிற இளைஞர்களின் படங்களில் கைத்திறமை நிறைய இருக்கிறது, ஊர் இருப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு அடுத்த மாசிப் பௌர்ணமிக்கும் நான் அந்த வரப்புக்குப் போவேன். வானத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில் நமக்கு ஓர் இடம் இருக்கிறது என்று உடம்பால் உணர்வது சின்ன விஷயமில்லை. அதற்காகக் காத்திருப்பது ஒரு மனிதனை நிதானமாக்குகிறது. ஒத்திசைவைத் தேடுகிற புகைப்படம் ஒரு நல்ல பள்ளிக்கூடம். ஆனால் அதிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள், உலகம் தங்கள் டிரைபாட்டுக்காகத்தான் வரிசையில் நிற்கிறது என்று நினைக்கத் தொடங்குகிறார்கள்.

படமெடுக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு படத்தை வெளியிடும்போது அடியில் எங்கே நின்றீர்கள், எத்தனை மணி, என்ன லென்ஸ் என்று எழுதுங்கள். இரண்டு படத்தை ஒட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். படத்தில் ஆட்கள் இருந்தால், அவர்கள் சம்மதித்தால், பெயரையும் எழுதுங்கள். உப்பளத்து அம்மாவின் பெயரை நான் அச்சின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். மற்ற நால்வரின் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது. இந்தப் பங்குனியில் போய்க் கேட்க வேண்டும்.